பல்லியா, பள்ளியா? தமிழ் தட்டச்சுக்கு மூன்று வழிகள்

எங்கள் வீட்டில் மூன்று பேரும் மூன்று விதமாகத் தமிழ் அடிக்கிறோம். அம்மா கைபேசியிடம் பேசுகிறார். தம்பி ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றிக்கொள்கிறான். நான் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகையின் ஆள். எது மேல் என்ற பேச்சு அடிக்கடி எழும். மற்ற இரண்டையும் சில மாதம் விடாமல் பயன்படுத்திப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

தம்பியின் வழிக்குப் பயிற்சியே வேண்டாம். அதன் பெரிய பலம் அதுதான். ஆங்கிலப் பலகை பழகிய கை அன்றைக்கே தமிழ் எழுதிவிடும். இதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, முரசு அஞ்சல் என்ற மென்பொருள் போல விதிப்படி நடப்பது: சின்ன 'எல்' அடித்தால் ல, ஷிப்டோடு 'எல்' அடித்தால் ள, 'இசட்' அடித்தால் ழ. விதி தெரிந்தால் பிழை வராது. இன்னொன்று, நாம் அடிப்பதை வைத்துச் சொல்லை ஊகிப்பது. தம்பி பயன்படுத்துவது இதைத்தான். பள்ளி என்று நினைத்து அடித்தால் பல்லி முன்னால் வந்து நிற்கும். கறிக்குப் பதில் கரி வரும். அவசரத்தில் முதலில் வந்ததைத் தொட்டு அனுப்பிவிடுகிறோம். எனக்கு இதில் உள்ள கவலை ஆழமானது. ஒவ்வொரு சொல்லையும் முதலில் ஆங்கில எழுத்தாக மனத்தில் கூட்டுகிறோம். இப்படியே எழுதிவந்தால், எந்த 'ன', எந்த 'ர' என்று யோசிக்கும் வேலையைக் கருவியிடம் விட்டுவிடுகிறோம். எட்டாம் வகுப்பில் பிழையில்லாமல் எழுதிய என் தம்பி இப்போது ற வரும் இடத்தில் தயங்குகிறான்.

இனி தமிழ்99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த பலகை இது. தமிழக அரசும் ஏற்றுக்கொண்டது. 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம்: இந்த 31ஐ வைத்து 247 எழுத்தையும் எழுதிவிடலாம். உயிரெல்லாம் இடது கைக்கு, மெய்களில் பெரும்பாலானவை வலது கைக்கு. விரல்கள் ஓய்வாக அமரும் நடு வரிசையில் அ, இ, உ, புள்ளி, எ; வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. அ, இ, உ, எ ஆகிய குறில்களுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஏ என்று நெடில்கள் இருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

என்னைக் கட்டிப்போட்டது புள்ளி வைக்கும் விதம். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும்: க, க அடித்தால் க்க. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ந, த அடித்தால் ந்த. தமிழில் எந்த மெய்யோடு எந்த மெய் சேரும் என்று நன்றாகத் தெரிந்தவர்கள்தாம் இப்படி யோசித்திருக்க முடியும். 'வணக்கம்' எழுத இதில் 6 தட்டல் போதும். அஞ்சல் முறையில் 8, கூடவே ண வுக்கு ஒரு ஷிப்ட். பழைய தட்டச்சுப் பொறியில் 'கோ' வேண்டுமென்றால் கொம்பு, க, கால் என்று மூன்று அடிக்க வேண்டும். இதில் க, ஓ இரண்டுதான். சிக்கலும் உண்டு. 'கூடட்டும்' போன்ற சொல்லில் மூன்று ட தொடர்ந்து வருவதால், முதல் ட வுக்குப் பிறகு ஓர் அ அடித்தால்தான் புள்ளி சரியான இடத்தில் விழும். எனக்குக் கை பழக இரண்டு வாரம் ஆயிற்று. முதல் நான்கு நாள் எரிச்சலாகவே இருந்தது.

கைபேசியில் இதன் மவுசு குறைவு. சின்னத் திரையில் எழுத்துகள் நெருங்கிவிடுகின்றன, கட்டைவிரல் இரண்டுக்கும் நடு வரிசையால் பயனும் இல்லை. அங்கே நானும் சில நேரம் தம்பியின் வழிக்குப் போவதுண்டு.

அம்மாவின் வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 2017இல் கூகுள் தமிழில் குரல் தட்டச்சைக் கொண்டுவந்தது. மூக்குக்கண்ணாடி தேடாமல் அக்காவுக்குச் செய்தி அனுப்ப அம்மாவுக்கு அதுவே போதும், அதில் அவருக்குக் கிடைக்கும் சுதந்திரம் பெரிது. மிக்சி ஓடும்போது தடுமாறும், பேருந்தில் பேசக் கூச்சமாக இருக்கும். நான்கு பக்கக் கட்டுரையை இப்படிச் சொல்லி எழுதிப் பார்த்தேன். ஒற்றெழுத்துகளைத் திருத்தவே பாதி நாள் போயிற்று.

ஒரு வரிப் பதில் மட்டும் எழுதுபவர் தம்பி வழியிலேயே இருக்கலாம். தினமும் ஒரு பக்கமாவது தமிழ் எழுதுகிறவர்களுக்கு என் பரிந்துரை தமிழ்99தான். விண்டோஸ் 10இலும் மேக்கிலும் மொழி அமைப்புக்குள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். முதல் வாரம் நடு வரிசையை மட்டும் பழகுங்கள். தம்பி, பந்து, கத்தி, கம்பு, இந்த, எந்த என்று அடித்துப் பாருங்கள். ஆறு சொல்லிலும் புள்ளி இருக்கிறது, புள்ளி விசையை ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டீர்கள்.