யோல்: போன ஞாயிறு பாத்த குர்திஷ் படம்

போன ஞாயிறு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில சிநேகிதன்ட டியூட்டரி ஹோலில 'யோல்' பாத்தனாங்கள், சுவரில வெள்ளை பெட்ஷீற் கட்டி, முப்பது பேர் மட்டில இருந்திருப்பம். சப்டைட்டில் பாதி பெட்ஷீற் மடிப்புக்குள்ள போட்டுது, அது வேற கதை.

1982ல வந்த படம். எழுதின யில்மாஸ் குனேய் அப்ப துருக்கியில ஜெயிலுக்குள்ள, அதால ஷெரிப் கோரென்தான் டைரக்ட் பண்ணினவர், பேந்து குனேய் தப்பியோடி சுவிசில வச்சு எடிட் பண்ணி அந்த வருசமே கான்ஸ் படவிழாவில பாம் டோர் எண்ட முதல் பரிசு. துருக்கியில 1999 வரைக்கும் தடை.

1980ல ஆமி ஆட்சியைப் பிடிச்ச பிறகு நடக்கிற கதை. ஐஞ்சு கைதியளுக்கு ஒரு கிழமை லீவு குடுத்து விடினம், அதில ஒருத்தன் லீவுக் கடதாசியைத் துலைச்சிட்டு வழியிலயே மாட்டுப்படுறான். ஐசி (அடையாள அட்டை) இல்லாமல் செக்பொயின்ற்றில நிண்ட ஆளுக்கு இதுக்கு சப்டைட்டில் தேவையில்லை.

ஸ்கிரீனில ஒருக்கா 'குர்திஸ்தான்', அதாவது குர்திஷ் சனத்தின்ட மண், எண்டு எழுத்து வருது, ஆனா சனம் கதைக்கிறது பெரும்பாலும் துருக்கி மொழிதான். அந்த நேரம் குர்திஷ் பாஷைக்கு அவ்வளவு நெருக்கடி, 1983ல தடைச் சட்டமே போட்டு, 1991லதான் அந்தச் சட்டத்தை எடுத்தவை. தங்கட கதையை மற்றவன்ட பாஷையில சொல்ல வேண்டி வந்தது எனக்குக் கடைசி வரைக்கும் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஓமர் எண்ட பொடியன்ட ஊருக்கு ஆமி சுட்ட உடம்புகளைக் கொண்டுவந்து போட்டு ஆர் உது எண்டு கேக்க, தமையன்ட முகத்தைப் பாத்துக்கொண்டே தெரியாது எண்டுறான். ஹோலே அமந்து போச்சு. பின்னுக்கு இருந்த ஐயா ஒராள் "இஞ்சயும் இதைத்தானே சொன்னனாங்கள்" எண்டவர். பேந்து ஊர் வழக்கப்படி தமையன்ட பெண்சாதியை ஓமர்தான் கட்டவேணும், விருப்பமோ எண்டு அவனையும் கேக்கேல்ல அவளையும் கேக்கேல்ல.

சேயித் அலியின்ட கதைதான் ஆளைக் கொல்லும். பெண்சாதி சீனே நடத்தை பிழைச்சவள் எண்டு அவளின்ட சொந்தச் சனமே மாட்டுக்கொட்டிலில எட்டு மாசம் சங்கிலியில கட்டி வச்சிருக்குது, புருசன் வந்து கொல்லட்டும் எண்டு. அவன் அவளைப் பனிக்குள்ளால நடத்திக் கொண்டுபோறான், அவள் விறைச்சு விழ, சாகாமல் இருக்கவேணும் எண்டு பெல்ற்றால அடிக்கிறான். சாகட்டும் எண்டு கூட்டிக்கொண்டு வந்தவனே! அந்த இடத்தில அதே ஐயா, அதே வாயால, "அவளும் பிழை விட்டவள்தானே" எண்டார். நான் திரும்பிப் பாத்தன், ஒண்டும் சொல்லேல்ல, சொல்லியிருக்கவேணும்.

எனக்குப் படத்தில ஒரு குறை, கமெரா கூடுதலா அவன்ட மனவருத்தத்தோடதான் நிக்குது, கொட்டிலுக்குள்ள அந்த எட்டு மாசம் எப்பிடிப் போச்சு எண்டு சீனேயை ஒருத்தரும் கேக்கேல்ல, படமும் கேக்கேல்ல. ஆனா ஆமியை மட்டும் காட்டி எங்கட சனம் தங்கம் எண்டு முடிச்சிருக்கலாம், அப்பிடிச் செய்யேல்ல. அதுக்காகவே பாருங்கோ, நல்ல ஸ்கிரீனில பாருங்கோ.

முடிய வடையும் பிளேன்டீயும் குடுத்தவை. எல்லாரும் ஓமரைப் பற்றித்தான் கதைச்சவை. வந்த பொம்பிளையள் நாலு பேரும் தேத்தண்ணிக்கு நிக்காமல் போட்டினம்.