பேக்டெக்கா, பேக்ட்-அலர்ட்டா? இரவுப் பணியாளர் இல்லாத ஆய்வகத்துக்கு எது பொருந்தும்?

எங்கள் மருத்துவமனை ஆய்வகத்துக்கு பிளட் கல்ச்சர் இயந்திரம் (நோயாளியின் இரத்தத்தைப் பாட்டிலில் வைத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று கண்காணிக்கும் கருவி) வாங்கும் பேச்சு எழுந்தபோது, தேர்வு கடைசியில் இரண்டுக்குள் சுருங்கியது: பெக்டன் டிக்கின்சனின் பேக்டெக், பயோமெரியூவின் பேக்ட்-அலர்ட். நாங்கள் பேக்ட்-அலர்ட்டை எடுத்தோம். இன்று யார் கேட்டாலும் அதையே சொல்வேன். ஆனால் அதற்கான காரணம் விற்பனையாளர்கள் காட்டிய எந்தப் படத்திலும் இல்லை.

இரண்டும் ஒளியைக் கொண்டுதான் கிருமியைக் கண்டுபிடிக்கின்றன. பாட்டிலுக்குள் பாக்டீரியா பெருகினால் கரியமில வாயு வெளிவரும். பாட்டிலின் அடியில் உள்ள சென்சார் அதை உணரும். பேக்டெக்கில் அது ஒளிர்பொருள் கொண்ட சென்சார். வாயு கூடினால் ஒளிர்வும் கூடும். பேக்ட்-அலர்ட்டில் வாயு கரைந்து அமிலத்தன்மை ஏறும்போது சென்சார் நீலப்பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும். அதில் பட்டுத் திரும்பும் எல்.இ.டி. ஒளியை இயந்திரம் அளக்கும். இரண்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பாட்டிலையும் பார்க்கின்றன. நோயாளிக்கு ஏற்கெனவே செலுத்திய ஆன்டிபயாட்டிக்கை உறிஞ்சும் ஏற்பாடும் இரண்டின் பாட்டில்களிலும் கிடைக்கிறது. வேகத்தில், ஒன்றைத் தள்ளிவிடும் அளவுக்கு வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. 8 முதல் 10 மி.லி. இரத்தம் போக வேண்டிய பாட்டிலில் 3 மி.லி. மட்டும் அனுப்பினால் இரண்டுமே கிருமியைத் தவறவிடக்கூடும்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது, பாட்டில் இயந்திரத்துக்குள் போவதற்கு முந்தைய நேரம். இரவில் எங்கள் ஆய்வகத்தில் ஆள் கிடையாது. பத்து மணிக்குக் குளிர்காய்ச்சல் வந்த நோயாளியிடம் எடுத்த இரத்தம், விடியும்வரை வார்டு மேசையில் இருக்கும். கோடையில் அந்த அறையின் வெப்பமே ஈ.கோலை போன்ற பாக்டீரியா பெருகப் போதும். இயந்திரம் பெரிதும் நம்புவது வாயுவின் அளவு ஏறும் போக்கை. பெருக்கம் முழுக்க மேசையிலேயே முடிந்துவிட்டால், காலையில் அது பார்ப்பதற்கு ஏற்றமே மிச்சமிருக்காது. தொடக்க அளவையும் அது கணக்கில் கொள்கிறது என்றாலும், தாமதமாக ஏற்றிய பாட்டிலில் உண்மையான தொற்று நெகட்டிவ் என்று வரும் அபாயம் நீங்குவதில்லை. செப்சிஸ், அதாவது தொற்று முற்றி உயிருக்கே ஆபத்தான நிலையில் இருக்கும் நோயாளிக்கு அந்த ஒரு சொல் எவ்வளவு கேடு செய்யும் என்பது இத்துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

பேக்ட்-அலர்ட் பாட்டிலைக் கவிழ்த்தால் போதும். அடி மஞ்சளாக இருந்தால் அதை இயந்திரத்தில் ஏற்றாமல் நேராகக் கிராம் சாயத்துக்கு (சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் கிருமியின் வகையைப் பார்க்கும் சோதனை) கொண்டுபோகலாம். பேக்டெக் சென்சாரின் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. இரத்தம் கறுத்திருக்கிறதா, ரப்பர் மூடி உப்பியிருக்கிறதா என்று பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். பழகிய கண் பிடித்துவிடும். நேற்றுச் சேர்ந்தவருக்கு அது எளிதல்ல. மின்சாரம் நின்று யு.பி.எஸ்.ஸும் ஓய்ந்த நேரத்திலும், இயந்திரம் பழுதாகிப் பொறியாளருக்காகக் காத்திருக்கும் நாளிலும் இதே வசதி கைகொடுக்கும். பாட்டில்களைச் சாதாரண இன்குபேட்டருக்கு மாற்றிவிட்டு, காலையும் மாலையும் அடியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு எச்சரிக்கை: மஞ்சள் என்றால் வளர்ச்சி உண்டு என்று கொள்ளலாம்; நீலப்பச்சை என்பதால் வளர்ச்சியே இல்லை என்று கொள்ளக் கூடாது. கண் பிடிப்பதற்கு வெகு முன்பே இயந்திரம் பிடித்துவிடும்.

இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் ஆய்வகத்துக்கு என் வாதம் பொருந்தாது. ஒரு மாதப் பதிவேட்டை எடுத்து, இரத்தம் எடுத்த நேரத்தையும் பாட்டில் ஏற்றிய நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே இருந்தால் பேக்டெக்கைத் தயங்காமல் பரிசீலிக்கலாம். 40 பாட்டில் கொள்ளும் அதன் எஃப்.எக்ஸ்.40 மாடல் சிறிய மருத்துவமனைக்குக் கச்சிதமானது. பச்சிளங்குழந்தைகளின் இரத்தம் எங்களுக்கு அரிதாகவே வருகிறது. அந்த வகையில் எது மேல் என்பதற்கு என் அனுபவம் போதாது. குழந்தைகள் மருத்துவமனை ஆய்வகத்தாரிடம் கேட்பதே சரி.

பாட்டில் வாங்குவதில் இரண்டுக்கும் உள்ள சிக்கல் ஒன்றுதான். பாட்டிலை வாங்கினால் இயந்திரத்தை இலவசமாக வைத்துத் தரும் ஒப்பந்தங்கள் இங்கே சகஜம். ஆனால் ஒன்றின் பாட்டில் மற்றதில் பயன்படாது. 2024 ஜூலையில் பேக்டெக் பாட்டில்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இந்தப் பரிசோதனைகளைச் சிக்கனமாகச் செய்யுமாறு மருத்துவமனைகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. நாளை இது எந்த நிறுவனத்துக்கும் நேரலாம். கையெழுத்திடுமுன், பாட்டில் வரத்து நின்றால் என்ன செய்வார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.