பஞ்சு பறக்கிற ஷெட்டில் ஸ்மோக் டிடெக்டர் போடப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

86,000 ரூபாய். அவ்வளவும் கொடுத்து ராத்திரி ஷிப்டைக் கலைக்கிற ஒரு மணியை வாங்கி மாட்டியிருக்கிறோம்.

திருப்பூர் பக்கம் எங்களுக்குச் சின்ன நிட்டிங் யூனிட். ஆர்டர் கொடுக்கிற பனியன் கம்பெனிக்குப் பாதுகாப்பு ஆடிட் வந்ததால், ஜாப் ஒர்க் செய்கிற எங்களிடமும் ஃபயர் அலாரம் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை. கோயம்புத்தூரில் கேமராவும் அலாரமும் விற்கிற ஒரு கடையில் விசாரித்தேன். பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

கடைக்காரர் நேரிலேயே வந்தார். ட்யூப் லைட் மேல் படிந்திருந்த பஞ்சை விரலால் வழித்துப் பார்த்தார். "ஏனுங்க, இத்தனை பஞ்சு பறக்குதுங்களே, இது சும்மா சும்மா அடிக்காதுங்களா?" என்று நானே கேட்டேன். "அண்ணா, பஞ்சு வேற புகை வேறன்னு இதுக்குத் தெரியுமுங்க. இந்தப் பக்கம் பூரா நாமதானுங்க போட்டுருக்கறோம், தைரியமா இருங்க" என்றார். அம்மா கொடுத்த மோரை வாங்கிக் குடித்து, "நானும் பெருந்துறைக்காரந்தானுங்கம்மா" என்று வேறு சொன்னார். அவ்வளவுதான், அம்மாவுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். அட்வான்ஸ் மட்டும் போதும் என்று நினைத்திருந்த எனக்கு, முழுசாகக் கொடுத்துவிடச் சொல்லி உத்தரவு. 86,000 ரூபாயும் அன்றைக்கே அவர் அக்கவுண்டுக்குப் போனது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீச ஆரம்பித்ததும் தொடங்கியது கூத்து. வெளிப் புழுதியும் உள்ளே பறக்கிற பஞ்சும் சேர்ந்து, நடுராத்திரியில் அலாரம். ஆட்கள் மெஷினை நிறுத்திவிட்டு ரோட்டுக்கு ஓடுகிறார்கள். புகையும் இல்லை, ஒன்றும் இல்லை. மெஷின் நின்ற இடத்தில் துணியில் கோடு விழுகிறது, அந்தத் துணிக்குக் கம்பெனி பணம் பிடிக்கிறது.

போன் செய்தால் முதலில் "ஈபி வோல்டேஜ்தானுங்க". அப்புறம் "உங்க ஆளு யாராச்சும் பீடி குடிச்சிருப்பான்". அதற்கும் அப்புறம் அவர் எடுப்பதே இல்லை, ஒரு பொண்ணு எடுத்து "சார் சைட்ல இருக்காருங்க" என்கிறது. நேரில் போய் நின்றேன். "தூசி உள்ள போனா வாரண்டி இல்லைங்க, வருஷ மெயின்டனன்ஸ் போட்டுக்குங்க" என்று இன்னொரு கொட்டேஷனை நீட்டுகிறார்! தொழிலுக்கு வாங்கியது நுகர்வோர் கோர்ட்டில் நிற்காது என்று சிரிப்பு வேறு. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவருக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு என்று வக்கீல் சொல்கிறார். பார்ப்போம்.

ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிற மச்சான்தான் கடைசியில் டிடெக்டர் ஒன்றைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஒரு இருட்டறை. ஒரு பக்கம் சின்ன லைட், அதன் வெளிச்சம் நேராகப் படாதபடி கோணலாக ஒரு சென்சார். புகை நுழைந்தால் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி சென்சாருக்குப் போகும், மணி அடிக்கும். தூசி நுழைந்தாலும் அதேதான் நடக்கும். அறைச் சுவரில் பஞ்சு படியப் படிய, எதுவும் பறக்காதபோதே வெளிச்சம் திரும்பிச் சென்சாருக்குப் போய்க்கொண்டிருக்கும். அப்புறம் கொஞ்சம் காற்றடித்தாலே போதும். தூசி படிவதைக் கணக்கில் எடுத்துத் தானே சரிசெய்துகொள்கிற ரகம் இருக்கிறதாம். எங்களுக்கு மாட்டியது அது இல்லை. ஆக, "பஞ்சு வேற புகை வேறன்னு தெரியும்" என்றது பச்சைப் பொய்.

86,000 ரூபாயைவிட எனக்கு இப்போது வேறொரு பயம். மணி அடித்தால் ஆட்கள் தலையைக்கூடத் தூக்குவதில்லை. ஒருத்தர் ஒயரைப் பிடுங்கியே விட்டார். நிஜமாகத் தீ பிடித்தால்?

நிறைய எழுத நினைத்தேன், கோபத்தில் வரவில்லை. பஞ்சு, மாவு, மரத்தூள் பறக்கிற இடமென்றால் ஹீட் டிடெக்டரையும் சேர்த்துக் கேளுங்கள். அது சூட்டுக்குத்தான் அடிக்கும், தூசியைக் கண்டுகொள்ளாது. ஆனால் தீ கொஞ்சம் வளர்ந்த பிறகுதான் சொல்லும், அதையும் தெரிந்துகொண்டு போடுங்கள். தூசியால் பொய்யாக அடித்தால் யார் பொறுப்பு என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஷெட்டில் ஓட்டை போட்டு மாட்டுகிற வேலை முடியும்வரை டிடெக்டரோடு வருகிற பிளாஸ்டிக் மூடியைக் கழற்ற விடாதீர்கள். எங்களிடம் முதல் நாளே கழற்றி எறிந்துவிட்டுத்தான் சுவரில் ஓட்டை போட்டார்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள், யார் சொன்னாலும்.

அவிநாசி, பல்லடம் பக்கம் நிட்டிங் ஷெட்டுக்கு ஹீட் டிடெக்டர் போட்டவர்கள் இருந்தால் என்ன செலவானது என்று சொல்லுங்கள். ஆடிட்டுக்கு மறுபடி வருகிறார்கள்.