சிர்க் (சர்க்கஸ்) விழாவுக்கு ரிக்கெற் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள்: 900 டொலர் போன கதை

மொன்றியலில் இருக்கிறவர்களுக்கும், யூலை மாதம் ரொறன்ரோவில் இருந்து இங்கே சொந்தக்காரர் வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. 18 வருடமாக இந்த நகரத்தில் இருக்கிறேன், மற்றவர்களுக்கு "லிங்கை வடிவாகப் பார்த்து அமத்துங்கோ" என்று புத்தி சொல்கிற ஆளும் நான்தான். போன யூலையில் நானே போய் விழுந்தேன்.

அக்கா குடும்பம் ஸ்காபரோவில் இருக்கிறது. அம்மாவும் அவர்களோடுதான். வருடத்தில் ஒரு தடவை 401 நெடுஞ்சாலையில் ஏறி ஆறு மணித்தியாலம் ஓடி எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வந்தால் கோயில், சாப்பாடு, திரும்பக் கோயில். இந்த முறை பிள்ளைகளுக்காக வேறு ஏதாவது செய்வோம் என்று அக்கா சொல்ல, எனக்கு உடனே இந்த விழா ஞாபகம் வந்தது. 'மொன்றெயால் கொம்ப்ளெத்மோன் சிர்க்' என்று பெயர், 2010 இலிருந்து யூலையில் நடக்கிறது. போனில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "யானை வருமோ?" யானையும் இல்லை, சிங்கமும் இல்லை அம்மா, எல்லாம் மனிதர்கள்தான் என்றேன். "பிறகென்ன சர்க்கஸ்" என்று விட்டார்.

அம்மாவைக் குறை சொல்ல ஏலாது. எங்களுக்கெல்லாம் சர்க்கஸ் என்றால் கூடாரமும் கோமாளியும் சவுக்கும்தான். இங்கே கதை வேறு. 1984 இல் சிர்க் து சொலெய் என்ற சர்க்கஸ் குழு தொடங்கின மாகாணம் இது. அதற்குப் பிறகு எலுவாஸ், 'ஏழு விரல்கள்' என்று ஒவ்வொரு குழுவாக வந்து, இப்போது இது நாடகமும் நடனமும் கலந்த ஒரு தனிக் கலையாகவே ஆகிவிட்டது. சர்க்கஸ் படிப்பிக்க ஒரு தேசியப் பள்ளிக்கூடமே இருக்கிறது, என்ன சொல்ல!

சரி, நடந்ததுக்கு வருகிறேன்.

ஒரு இரவு மகனைப் படுக்கப் போட்டுவிட்டு, குசினியில் நின்றபடி போனில் விழாவின் பெயரையும் 'ரிக்கெற்' என்ற சொல்லையும் அடித்தேன். முதலாவதாக வந்ததை அமத்தினேன். அங்கேதான் பிழை. பக்கத்தின் பெயரில் விழாவின் பெயர் இருந்தது, படங்கள் இருந்தன, தோஹு அரங்கத்தின் படமும் இருந்தது. சனிக்கிழமை இரவு நிகழ்ச்சிக்கு ஆறு பேருக்கு வேண்டும்: அம்மா, அக்கா, அத்தான், பெறாமகள், நான், மகன். இவருக்கு இரவு வேலை. ஆறு என்று போட்டதும் மேலே ஒரு மணிக்கூடு ஓடத் தொடங்கியது, 9:59, 9:58 என்று. கீழே சிவப்பு எழுத்தில் "43 பேர் இதே நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்". அக்கா ஸ்பீக்கரில். ஒரு ரிக்கெற் 89 டொலர் என்று வாசித்தேன், கூடத்தான் என்றேன். "எடி, பிள்ளையள் கேட்டிட்டுதுகள், முடியப்போகுதெல்லோ, அமத்து" என்றாள். நானும் அமத்திவிட்டேன்.

கார்ட் இலக்கம் எல்லாம் போட்ட பிறகு, கடைசிப் பக்கத்தில்தான் சேவைக் கட்டணம் 20 வீதம் என்று ஒரு வரி வந்தது. அப்போது மணிக்கூட்டில் ஒரு நிமிடம் சொச்சம்தான் மிச்சம், அதையும் விழுங்கினேன். விழாவுக்கு முந்தியே வந்த பில்லைப் பார்த்தபோதுதான் 89 என்பது அமெரிக்க டொலர் என்று விளங்கியது. கட்டணமும் சேர்த்து 640 டொலர் 80 சதம், அதைக் கனடாக் காசுக்கு மாற்றி, வங்கியின் மாற்றுக் கட்டணமும் ஏறி, 899 டொலர் 85 சதம். அதே ஆறு பேருக்கு விழாவின் சொந்த இணையத்தளத்தில் 270 டொலர் அளவில் முடிந்திருக்கும்.

இதோடு விட்டேனா? இரண்டு நாள் கழித்து அதே ஆட்களிடமிருந்து மின்னஞ்சல், "தெரு நிகழ்ச்சிக்கு முன்வரிசை அனுமதி", ஆளுக்கு 12 டொலர். அம்மாவுக்கு முழங்கால் நோ, நின்று பார்க்க மாட்டார், முன்வரிசை கிடைத்தால் நல்லதுதானே என்று அதையும் வாங்கினேன். அந்த நேரம் கிரெடிட் கார்ட் கைப்பையில் எங்கேயோ கிடந்ததால் டெபிட் கார்டில் கட்டினேன். இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு வரும்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பெரி-யூகாம் மெற்றோவில் இறங்கி சென் தெனி வீதிக்குப் போனோம். வீதி நிறையச் சனம். போனில் அந்த 'அனுமதி'யைத் திறந்து வைத்துக்கொண்டு, தொண்டர் சட்டை போட்ட ஒரு பெட்டையிடம் காட்டினேன். இருபது வயது இருக்கும். வாசித்தாள், என்னைப் பார்த்தாள், திரும்ப வாசித்தாள். "செ கிராதுவி, மதாம்" என்றாள். இலவசமாம். தெருவில் நடப்பது எல்லாமே எல்லாருக்கும் இலவசமாம், முன்வரிசை பின்வரிசை என்று ஒன்றுமே இல்லை, யார் முந்தி வருகிறார்களோ அவர்கள் முன்னுக்கு. அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பிறகு எங்கேயோ போய் ஒரு மடிக்கிற கதிரையைக் கொண்டுவந்து அம்மாவை இருத்தினாள். அதற்கும் காசில்லை.

நிகழ்ச்சியைச் சொல்லாமல் போனால் பாவம். நேராக நட்ட ஒரு இரும்புத் தடி, மூன்று மாடி உயரம் இருக்கும், மேலே ரப்பர் சுற்றியிருக்கிறது. அதில் ஒரு பெடியன் கையால் பிடிக்காமல் காலால் மட்டும் கவ்வி ஏறினான். உச்சிக்குப் போய், அங்கிருந்து தலைகீழாக விட்டான் பாருங்கோ, நிலத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது தொடையால் தடியை நெரித்து நின்றான். சனம் மூச்சு விடவில்லை. அம்மா மட்டும் சத்தமாக "ஐயோ என்ரை பிள்ளை" என்றார். யானை வராத கவலை அந்த இடத்தில் தீர்ந்தது.

சரி, தெருப் பாஸ் ஏமாற்று என்று தெரிந்துவிட்டது, அரங்க ரிக்கெற்றாவது உண்மையாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு சனிக்கிழமை நீலப் பாதை மெற்றோவில் திபெர்வில் வரை போய், அங்கே 94 ஆம் இலக்க பஸ் எடுத்து சென் மிஷேலுக்குப் போனோம். தோஹு 2004 இல் திறந்த வட்ட அரங்கம், சர்க்கஸுக்கென்றே கட்டினது. சிர்க் து சொலெயின் தலைமையகமும் அந்தச் சர்க்கஸ் பள்ளிக்கூடமும் அதே வளவில்தான். பிள்ளைகள் வாசலில் நின்று படம் எடுத்தார்கள். வரிசை வந்தது. ஸ்கான் பண்ணுகிற பிள்ளை முதலாவது ரிக்கெற்றை வைத்தார், சிவப்பு. இரண்டாவது, சிவப்பு. ஆறும் சிவப்பு. எங்கள் ஆறு ரிக்கெற்றும் ஏற்கெனவே ஸ்கான் ஆகி, ஆட்கள் உள்ளே போய் இருந்துவிட்டார்கள்.

ரிக்கெற் விற்கும் கவுண்டரில் இருந்த பெண்மணி பொறுமையாக விளங்கப்படுத்தினார். இந்த மறுவிற்பனைக்காரர் சிலர், கையில் ரிக்கெற் இல்லாமலேயே முதலில் உங்களிடம் காசை வாங்குவார்களாம். பிறகு எங்கேயாவது மலிவாக வாங்கி, அந்த ஒரே ஃபைலை மூன்று நாலு பேருக்கு அனுப்புவார்களாம். ஃபைலைக் கொப்பி அடிக்க ஒரு செக்கன் போதும்தானே, பார்கோட் ஒன்றுதான். முதலில் வருகிறவர் உள்ளே போவார், மற்றவர் வாசலில். எங்களுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம், வெள்ளைக்காரர்தான், அதே நிறத் தாளோடு நின்றார்கள். அவர் தாளைப் பார்த்து நானும் என் தாளைப் பார்த்து அவரும், ஒன்றும் கதைக்கவில்லை.

அன்று மிச்சம் இருந்தது இரண்டே இருக்கை. சரியான விலைக்குத் தந்தார்கள். அம்மா போகட்டும் என்று நாங்கள் நிற்க, "எனக்கு நேற்றுப் பார்த்தது காணும், பிள்ளையளை விடுங்கோ" என்று அம்மா ஒரே பிடி. பெறாமகளுக்குப் பதின்மூன்று வயது, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாங்கள் நாலு பேரும் பக்கத்தில் இருக்கிற பெரிய பார்க்கில் போய் இருந்தோம். புல்வெளி முழுக்க பெரிய பெரிய வெள்ளை உருண்டைகள் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அத்தான் அறிவிப்புப் பலகையை வாசித்துச் சொன்னார்: முந்தி இது கல் உடைத்த கிடங்கு, பிறகு நகரத்தின் குப்பையைக் கொட்டி நிரப்பின இடம், கீழே குப்பை உக்கி வருகிற வாயுவை எடுக்கிற கிணறுகளுக்கு மேலேதான் இந்த உருண்டைகள். அம்மா கொஞ்ச நேரம் உருண்டைகளைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "தொள்ளாயிரம் டொலர் குடுத்துக் குப்பைக்கு மேலை வந்து குந்தியிருக்கிற ஆக்கள் நாங்களாத்தான் இருப்பம்" என்றார். அக்கா சிரித்துச் சிரித்துப் பிறகு அழுதாள். "அமத்து" என்று சொன்னது தான்தானே என்று.

பிள்ளைகள் வெளியே வந்தபோது மகன் கையைக் காலை விரித்துக்கொண்டு சுற்றினான். ஆள் உயர இரும்பு வளையத்துக்குள் ஒருவர் நின்று நாணயம் சுழலுகிற மாதிரிச் சுழன்றாராம். அந்த வளையத்துக்கு 'சிர் வளையம்' என்று பெயர், எலுவாஸ் குழுவைத் தொடங்கினவர்களில் ஒருவரான தானியேல் சிர் கொண்டுவந்தது. நான் அதைப் பிறகுதான் தேடி வாசித்தேன். நேரில் பார்த்தது அவன்.

இனி காசுக் கதை. ஏமாற்றினவர்களுக்கு ஐந்து தடவை எழுதினேன். முதல் பதில், "உங்கள் முறைப்பாடு எங்களுக்கு முக்கியம்". இரண்டாவது பதில், அரங்கத்தோடு கதையுங்கள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. போன் இலக்கம் இல்லை, விலாசம் கனடாவிலேயே இல்லை. பிறகு கியூபெக் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது, விழாக்காரரின் சம்மதம் இல்லாமல் முதல் விலைக்கு மேல் ரிக்கெற்றை மறுவிற்பனை செய்யக் கூடாது என்று இங்கே 2012 இலிருந்தே சட்டம் இருக்கிறதாம். வரி தவிர்ந்த கட்டாயக் கட்டணம் எல்லாம் முதலில் காட்டுகிற விலைக்குள்ளேயே இருக்கவும் வேண்டுமாம், கடைசிப் பக்கத்தில் 20 வீதம் கூட்டக் கூடாதாம். சட்டம் நல்லதுதான், கடல் கடந்து இருக்கிறவனுக்கு யார் போய் வாசித்துக் காட்டுவது?

ஆனால் ஒரு வழி வேலை செய்தது. இணையத்தில் வாங்கினதை ரத்துச் செய்கிறேன் என்று விற்றவருக்கு எழுத்தில் அனுப்பவேண்டும். 15 நாளுக்குள் காசைத் திருப்பித் தராவிட்டால், அதிலிருந்து 60 நாளுக்குள் கிரெடிட் கார்ட் தந்த வங்கியிடம் காசைத் திருப்பி எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். மின்னஞ்சல்கள், சிவப்புக் காட்டின ரிக்கெற், எல்லாவற்றையும் இணைத்து அனுப்பினேன். வங்கியில் முதலில் கதைத்த பெடியனுக்கு இந்த விஷயமே தெரியவில்லை, மேலே இருக்கிறவரைக் கேட்டு வாங்கிக் கதைக்கவேண்டியிருந்தது. இரண்டாவது பில்லில் 877 டொலர் 90 சதம் திரும்பி வந்தது. மாற்றுக் கட்டணம் கிட்டத்தட்ட 22 டொலர் போனது போனதுதான். டெபிட் கார்டில் கட்டின தெருப் பாஸ் இருக்கிறதே, அதுவும் அமெரிக்க டொலர்தான், கனடாக் காசில் 99 டொலர் சொச்சம், அதற்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று விட்டார்கள். ஒரு சதம் வரவில்லை. கிரெடிட் கார்ட் எங்கே கிடக்கிறது என்று தேட அன்று எனக்குப் பஞ்சி.

பக்கத்தின் பெயரைக் கேட்டு எனக்கு நிறையப் பேர் எழுதுகிறார்கள். பெயரைப் போட்டுப் பிரயோசனம் இல்லை, அது மாறிக்கொண்டே இருக்கிறது. மகன்தான் பிறகு என் போனைப் பிடுங்கிக் காட்டினான், முதலாவதாக வந்த அந்த முடிவுக்கு மேலே சின்னதாக 'ஸ்பொன்சொரிசே' என்று போட்டிருக்கு, "அம்மா, இது விளம்பரம்" என்று. அவன் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், கண்ணில் பட்டது. பக்கத்தின் அடியில் சாம்பல் எழுத்தில் தாங்கள் சுயாதீன மறுவிற்பனைத் தளம் என்றும் போட்டிருந்தார்கள். அவ்வளவு கீழே போய் யார் வாசிக்கிறது? நீங்கள் வாசியுங்கள். அல்லது தேடவே வேண்டாம், விழாவின் விலாசத்தை நேராக அடித்துப் போங்கள், இல்லையென்றால் தோஹுவுக்கு ஒரு போன் எடுங்கள். பிரெஞ்சு வராது என்று தயங்கவேண்டாம், ஆங்கிலத்திலும் கதைப்பார்கள். காசு கட்ட முதல், போகிற நிகழ்ச்சி இலவசமா என்றும் ஒருக்கால் பாருங்கள்.

போன கிழமை சும்மா ஒரு பரீட்சைக்குத் தேடிப் பார்த்தேன். வேறு பெயர், வேறு நிறம், அதே முதலாவது இடம். ஆறு ரிக்கெற் என்று போட்டேன், மணிக்கூடு ஓடத் தொடங்கியது. ஓடட்டும் என்று அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வந்து இருந்து பார்த்தேன். 0:03, 0:02, 0:01. பிறகு திரும்ப 9:59.