24 மணி நேர கார் ரேஸ் நடக்குற பிரான்ஸ் ஊர் லெ மானுக்கு ரோடு வழியா போறவங்களுக்கு மிஷெலின் பேப்பர் மேப் தேவையா?

தேவை. ஆனா மொத்த பிரான்ஸும் ஒரே தாள்ல வர்ற அந்த பெரிய மேப்ப வாங்கிடாதீங்க, அது சுவத்துல ஒட்டி அழகு பாக்கத்தான் லாயக்கு. வாங்க வேண்டியது மாவட்டம் வாரியா வர்ற சின்ன மேப். 1:1,50,000 ஸ்கேல், அதாவது தாள்ல ஒரு சென்டிமீட்டர்னா ரோட்டுல ஒன்றரை கிலோமீட்டர். இங்கிலாந்துல இருந்து கடல தாண்டி பிரான்ஸ் கரையில கலேல இறங்கி லெ மான் வரைக்கும் போக 301, 304, 310ன்னு மூணு நம்பர் போதும்.

இப்ப எதுக்கு இந்த ரிவ்யூன்னா, 2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் டீம் அவங்க க்ளாஸ்ல மூணாவது வந்ததுல இருந்து லண்டன்ல நம்ம பசங்க பாதிப் பேருக்கு 24 மணி நேர ரேஸ் பைத்தியம் பிடிச்சிருக்கு, எல்லாருக்கும் ஜூன் மாசம் லெ மான் போகணும், எல்லாரும் கேக்குற கேள்வி "மச்சான் எந்த வழி நல்லா இருக்கும்". (நம்மூர்க்காரங்களுக்கும் லெ மானுக்கும் அதுக்கு முன்னாடியே தொடர்பு உண்டு. 2009ல நாராயண் கார்த்திகேயன் ஆடி காரோட போயி ரேஸுக்கு முன்னாடி தோள்பட்டை இறங்கி ஓட்ட முடியாம போச்சு, 2012ல கருண் சந்தோக் ஓட்டி மொத்தத்துல ஆறாவது வந்தாரு.) ஃபோன்ல கலே டு லெ மான்னு போட்டா அது யோசிக்காம ஏ16, ஏ28ன்னு மோட்டார்வேல தள்ளி விட்டுடும், நாலரை அஞ்சு மணி நேரத்துல போய் சேந்துடுவீங்க, வழில பாத்தது டோல் கேட்டும் லாரி பின்பக்கமும் தான். "டோல் வேணாம்"னு டிக் பண்ணா மட்டும் நல்ல ரோடு வந்துடுமான்னா வராது, டோல் இல்லாத அசிங்கமான ரோடுதான் வரும், ஊருக்கு வெளிய இருக்கிற ரவுண்டானா ஒவ்வொண்ணா சுத்திட்டு ஃபர்னிச்சர் கடையா பாத்துட்டு போகணும்.

இங்கதான் மிஷெலின் மேப்போட பச்சைக் கோடு வேலைக்கு வருது. ரோடு சிவப்போ மஞ்சளோ வெள்ளையோ எதுவா இருந்தாலும், அதை ஒட்டி பச்சை பார்டர் போட்டிருந்தா அந்தப் பகுதி பாக்க அழகா இருக்கும்னு அர்த்தம். அவ்ளோதான் சிஸ்டம். அதோட ஏத்தம் எவ்ளோன்னு ரோட்டு மேலயே அம்புக்குறி இருக்கும், ஒண்ணுன்னா லேசான ஏத்தம், மூணுன்னா செங்குத்து. நல்ல வியூ இருக்கிற எடத்துல விசிறி மாதிரி கோடு விரிஞ்சு இருக்கும். டேபிள்ல மூணு மேப்பையும் விரிச்சு வச்சிட்டு பச்சைக் கோட்ட பென்சில்ல இணைச்சுட்டே போனா ரூட் ரெடி, இதுக்கு ஒரு சாயங்காலம் டீ குடிக்கிற நேரம்தான் ஆகும்.

ஒரு விஷயம் ஞாபகம் வச்சிக்கோங்க, இது டயர் கம்பெனி மேப். 1900ல கைடு புக்கு, 1910ல இருந்து ரோடு மேப்புன்னு இவங்க போட ஆரம்பிச்சதே ஜனங்க சும்மா வீட்ல உக்காராம கார எடுத்துட்டு சுத்தணும், டயர் தேயணும்னு தான். அந்த வியாபார புத்தியில நமக்கு லாபம்தான். 1906ல முதல் முதலா க்ராண்ட் ப்ரீன்னு பேர் வச்சு ஒரு ரேஸ் நடந்தது லெ மான் பக்கத்துல, ஒரு ரவுண்டு சுத்தவே 103 கிலோமீட்டர். அதுல ஜெயிச்ச ரெனோ கார்ல இருந்தது இவங்களோட கழட்டி மாட்டுற ரிம், மத்தவன் டயர அறுத்து மாத்திட்டு இருக்கும்போது இவன் ரிம்மோட மாத்திட்டு போயிட்டான். இன்னைக்கும் லெ மான்ல டாப் க்ளாஸ் கார் எல்லாம் ஓடுறது இவங்க டயர்லதான்.

இனி ரூட். 301 மேப்ப எடுத்தா கலேல இறங்குன உடனே டி940ல (டின்னா மாவட்ட ரோடு) பச்சைக் கோடு ஆரம்பிச்சிடுது, சங்கத் வழியா காப் ப்ளான்-நே, விசான், காப் க்ரி-நே, அம்ப்லெத்தோஸ், அப்படியே பூலோன் வரைக்கும் கடலோரமா. ப்ளான்-நே மேல வண்டிய நிறுத்திட்டு நடந்து போனா வானம் தெளிவா இருந்தா எதிர்ல டோவர் வெள்ளைப் பாறை தெரியும், இப்பதான் அந்தக் கரையில ஃபோக்ஸ்டன்ல இருந்து ட்ரெயின்ல கார ஏத்தி 35 நிமிஷத்துல வந்தோம்னு நம்பவே முடியாது. 1909ல விமானி ப்ளேரியோ இங்கிலீஷ் சேனல் கடல தாண்டி பறக்கக் கிளம்புனதும் இந்தக் கரையில இருந்துதான், அந்த பீச்சுக்கு அவர் பேரயே வச்சிருக்காங்க.

பூலோன்ல இருந்து அபெவில் வரைக்கும் நான் சொல்றது மோட்டார்வேலயே போங்க. மேப்லயும் உள்ளூர் ரோட்டுல பச்சை ஆங்காங்க துண்டு துண்டாதான் இருக்கு, ஒவ்வொண்ணையும் துரத்திட்டு போனா மதியம் வீணாயிடும். அபெவில்கிட்ட இறங்கி சோம் வளைகுடா, லெ க்ரோத்துவா இல்லனா சென்-வலெரி, கடல் வத்துனா கண்ணுக்கெட்டுன தூரம் மணல், மணல் திட்டுல சீல் (கடல்நாய், நீர்நாய் கிடையாது) படுத்திருக்கும். சாப்பாட்டுக்கு இங்க நிறுத்துங்க, ஆனா பன்னெண்டுல இருந்து ரெண்டுக்குள்ள. ரெண்டரைக்கு போயி நின்னா சின்ன ஊர்ல கிச்சன் மூடியிருக்கும், கெஞ்சினாலும் கிடைக்காது. வெஜிடேரியன்னா சீஸும் முட்டையும் போட்ட கலெத், அது கோதுமை தோசைக்கு ஒண்ணுவிட்ட தம்பி, அதுலயே வண்டி ஓட்டிக்கலாம்.

304 தான் எனக்கு மூணுலயும் பிடிச்ச மேப். தியெப்ல ஆரம்பிங்க. ரேஸ் பாக்க போறவனுக்கு தியெப் முக்கியமான ஊர், 1907, 1908, 1912ன்னு ஃப்ரெஞ்ச் க்ராண்ட் ப்ரீ இங்க ரோட்டுல நடந்திருக்கு, ஆல்பீன் கார் ஃபேக்டரியும் இங்கதான், 1978ல லெ மான் ஜெயிச்சாங்களே அதே ஆல்பீன். அங்கருந்து டி75ல வாரன்ஜ்வில், கடல் பாறை விளிம்புல ஒரு சர்ச், ஓவியர் ப்ராக் கல்லறை அங்க இருக்கு, அவர் செஞ்ச கலர் கண்ணாடியும் உள்ள இருக்கு. அடுத்து வெல்-லெ-ரோஸ், கடல்ல கலக்குற ஆறுகள்ல பிரான்ஸ்லயே சின்ன ஆறு ஓடுற ஊர், ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் மொத்த நீளமே. எத்ரதா போகணும்னு எல்லாரும் சொல்லுவாங்க, போஸ்டர்ல வர்ற அந்த வளைவுப் பாறை, எனக்கு என்னமோ ஜூன் மாசம் அந்த பார்க்கிங் சண்டைக்கு அது வொர்த்தா தெரியல. அதுக்கு பதிலா உள்நாட்டுப் பக்கம் திரும்பி ஜூமியேஜ் போங்க, கூரை போன பழைய மடம், ரெண்டு கோபுரம் மட்டும் வானத்த பாத்து நிக்குது, அதுக்கு கீழயே சேன் ஆத்த தாண்ட சின்ன ஃபெர்ரி. கார் ஏத்திட்டு போக காசே கிடையாது. டிக்கெட் கவுன்ட்டர் தேடி நிக்காதீங்க, இல்ல.

அடுத்து நான் இந்த மேப்ல பெரிய குறையா நினைக்கிற எடம். ரூவானுக்கு தெக்க லெஸ்ஸார்னு ஒரு காடு, அது வழியா போற சாதாரண ரோடுதான் ஒரு காலத்துல ரூவான்-லெஸ்ஸார் சர்க்யூட். 1952ல இருந்து 1968 வரைக்கும் அஞ்சு தடவ ஃபார்முலா ஒன் நடந்திருக்கு, 1957ல ரேஸ் ட்ரைவர் ஃபாஞ்சியோ மசெராட்டி கார அந்த இறக்கத்துல வளைவு வளைவா சறுக்கிட்டு போனதுதான் இன்னமும் பேசுறாங்க, 1968 மழையில இக்ஸ் முதல் தடவ ஜெயிச்சதும் ஷ்லெஸர் எரிஞ்சு செத்ததும் ஒரே ரேஸ்ல. 1994ல ட்ராக்க மூடிட்டாங்க, 1999ல ஸ்டாண்டு எல்லாத்தையும் இடிச்சிட்டாங்க. ரோடு அப்படியே இருக்கு, நூவோ மோந்த் ஹேர்பின் வளைவு வரைக்கும் ஓட்டிட்டு போலாம், இறங்க இறங்க தெரியும் அந்த ட்ரைவருங்க எப்படிப்பட்ட ஆளுங்கன்னு. மேப்ல இதப் பத்தி ஒரு எழுத்து இல்ல. சர்ச்சுக்கு சிம்பல், காத்தாலைக்கு சிம்பல், கோட்டைக்கு சிம்பல், பழைய ரேஸ் ட்ராக்குக்கு மட்டும் கிடையாது, அதுவும் ரேஸ்ல டயர் விக்கிற கம்பெனி!

ரூவான் தாண்டுனதும் ரெண்டு வழி. ஒண்ணு டி438, பெர்னே, ப்ரோல்யி, காசே, சேஸ் வழியா. இந்த ரோட்டுல பச்சை கம்மி, ஆனா எனக்கு இதுதான் பிடிக்கும். ஏன்னா இது பழைய நேஷனல் ரோடு என்138, ரூவான்ல கிளம்பி அலான்சோன், லெ மான் தாண்டி தூர் வரைக்கும் போன ரோடு. லெ மான் மாவட்டத்துக்குள்ள வந்தா இதுக்கே டி338ன்னு பேரு. ஊர தாண்டி தெக்க போனா அந்த டி338 தான் உனோதியேர், உலகம் பூரா முல்சான் ஸ்ட்ரெய்ட்னு சொல்றது. 1988ல ஒரு பெஜோ இன்ஜின் கார் 405 கிலோமீட்டர் வேகத்துல போன எடம், 1990ல நடுவுல ரெண்டு சிகேன் (நெளிஞ்சு போற வளைவு) போட்டு வேகத்த குறைச்சாங்க. நீங்க ட்ராக்டர் பின்னாடி உருட்டிட்டு வந்த அதே ரோடு. இத 304, 310 ரெண்டு மேப்பையும் விரிச்சு விரல் வச்சு பாத்தாதான் புரியும், ஃபோன்ல அந்த நீளம் ஒரே ஸ்க்ரீன்ல வராது.

இன்னொரு வழி பச்சை வழி. விமூத்தியே, கமாம்பேர் கிராமம் (சீஸ் பேர்ல இருக்கிற ஊர் தான், அஞ்சாறு வீடும் மாடும்), விமூத்தியே வெளிய ரோட்டோரமா 1944ல ஜெர்மன்காரன் விட்டுட்டு போன டைகர் டாங்க் ஒண்ணு நிக்குது. அப்புறம் குதிரைப் பண்ணை ஆரா து பான், சேஸ் கதீட்ரல், அலான்சோன். அங்கருந்து 310 மேப்புல ஆல்ப் மான்செல்னு பேர் போட்டிருக்கும். ஆல்ப்ஸ்னதும் ஸ்வெட்டர் எடுக்காதீங்க, அந்தப் பக்கத்துல உசந்த மலையே 416 மீட்டர்தான். ஆனா சென்-செனெரி கிராமமும் சார்த் ஆத்து வளைவும் உண்மையிலேயே அழகு, ரேஸ் கூட்டத்துல மூணு நாள் பியர் வாடையில இருக்கறதுக்கு முன்னாடி மூச்சு வாங்க ஒரு எடம்.

குறைன்னா, லெஸ்ஸார் சமாச்சாரம் இல்லாம, இன்னும் உண்டு. பேப்பர் மேப்புக்கு ரோடு அடைச்சிருக்கிறது தெரியாது. கிராமத்துல மஞ்சள் போர்டு வச்சு ரோடு மூடியாச்சுன்னு சொன்னா சுத்தித்தான் போகணும். இப்ப ரூவான் பக்கம் ஏ13ல டோல் பூத்தையே எடுத்துட்டாங்க, கேமரா நம்பர் பிளேட்ட படிச்சிக்கும், 72 மணி நேரத்துக்குள்ள நீங்களே ஆன்லைன்ல கட்டணும், தெரியாம ஊர் திரும்பிட்டா அபராதம் வரும். அதெல்லாம் மேப் சொல்லாது. மடிக்கிறதும் பெரிய கொடுமை, ரைட் ஹேண்ட் ட்ரைவ் கார்ல இடது பக்கம் உக்காந்திருக்கிறவர்தான் மேப்பும் பிடிக்கணும் டோல் கார்டும் நீட்டணும், அந்த ஆள் பொறுமைசாலியா இருக்கணும். தனியா போறவங்களுக்கு இந்த மேப் ப்ளான் போட மட்டும்தான், ஓட்டும்போது ஃபோன்தான். பேப்பர்ல போட்ட ரூட்ட ஃபோன்ல ஏத்தும்போது நடு நடுவுல சின்ன ஊர் பேரா குடுங்க, இல்லனா திரும்ப உங்கள மோட்டார்வேக்கு இழுத்துட்டு போயிடும்.

வேகம் பத்தி ஒரு வார்த்த. 2018ல இருந்து நடுவுல டிவைடர் இல்லாத ரெண்டு லேன் ரோட்டுல பொதுவா 80, சில மாவட்டத்துல திரும்ப 90 ஆக்கிட்டாங்க, போர்ட பாத்து போங்க. ஊர் பேர் போர்டு சிவப்பு பார்டரோட வந்தா அதுவே 50ன்னு அர்த்தம், தனியா 50ன்னு எழுத மாட்டாங்க. ரேஸ் வாரத்துல யுகே நம்பர் பிளேட் ஸ்போர்ட்ஸ் கார்னா போலீஸுக்கு ஒரு தனிப் பாசம், அங்கேயே காசு கட்டணும், ரேடார் டிடெக்டர் வச்சிருந்தாலே குத்தம்.

ரேஸ் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, அதனால பச்சைக் கோட்டு வழிக்கு ரெண்டு முழு நாள் ஒதுக்கி, வியாழன் ராத்திரியோ வெள்ளி காலையிலயோ போய் சேர மாதிரி வச்சிக்கோங்க. வெள்ளிக்கிழமை ட்ராக்ல செஷன் கிடையாது, ஊருக்குள்ள ட்ரைவர்ஸ் பரேட் இருக்கும். கடைசி முப்பது நாப்பது கிலோமீட்டருக்கு மேப்ப மடிச்சு வச்சிட்டு ஃபோன ஆன் பண்ணிடுங்க, ட்ராக் ரோடு எது எப்ப மூடியிருக்குன்னு அச்சடிச்ச தாளுக்கு எப்படித் தெரியும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒரே நாள்ல போயி ஒரே நாள்ல திரும்புறவங்களுக்கு இது வேஸ்ட், வாங்காதீங்க. பட்ஜெட் ஒரு மேப்புக்குதான்னா 304. திரும்பி வரும்போது கான், ஓன்ஃப்ளர் பக்கம் சுத்தி வர்ற ஐடியா இருந்தா 303யும் சேத்து வாங்கிக்கோங்க, நார்மண்டி லாண்டிங் பீச் எல்லாம் அதுலதான் வருது.