வைஃபை ஸ்கேன்: கெர்னல் செய்வதா, ஃபார்ம்வேர் செய்வதா?

அருகிலுள்ள வைஃபை நெட்வொர்க்குகளைச் சேனல் சேனலாகத் தேடுவதுதான் ஸ்கேன். லினக்ஸில் இணைப்பு இருக்கும்போதே கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஸ்கேன் செய்தால், சேனல் மாறும் முன் "தூங்கப்போகிறேன்" என்று ரவுட்டருக்கு தரவில்லாத ஒரு வெற்று ஃபிரேம் (வைஃபை செய்தித் துண்டு) போகும். திரும்பும்வரை பேக்கெட்டுகளை ரவுட்டர் தேக்கி வைக்கும். அந்த ஃபிரேம் போய்ச் சேராவிட்டால் பேக்கெட்டுகள் தொலையும். கோரிக்கை அனுப்பித் தேடும் சேனலில், அனுப்பியபின் காத்திருப்பு சுமார் 30 மில்லிவினாடிதான். ரேடாரும் பயன்படுத்தும் சேனல்களில் கோரிக்கை அனுப்பாமல், ரவுட்டர் அவ்வப்போது அனுப்பும் பீக்கன் என்ற அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும், சுமார் 110 மில்லிவினாடி. குரல் அழைப்பு திக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

ஃபார்ம்வேர் (வைஃபை சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) செய்யும் ஸ்கேனில் சேனல் தாவலைச் சிப்பே பார்த்துக்கொள்ளும். ஆனால் 'முடிந்தது' என்ற செய்தி அதனிடமிருந்து வராமல் போனால், அடுத்தடுத்த ஸ்கேன் எல்லாம் −16 ("வேலையாக இருக்கிறேன்") பிழையோடு திரும்பும். அதனால் டிரைவரில் (சிப்பைக் கெர்னலோடு இணைக்கும் நிரலில்) டைம்அவுட் வைத்தே ஆக வேண்டும். ஃபார்ம்வேர் நம்பகமானதென்றால் ஃபார்ம்வேர் ஸ்கேனே மேல். சந்தேகமென்றால் டிரைவரின் ஹார்டுவேர் ஸ்கேன் ஃபங்ஷன் 1 என்று திருப்பட்டும். கெர்னல் ஸ்கேனைத் தானே ஏற்றுக்கொள்ளும்.