விரல்ல மாட்டுற ஒக்சிமீற்றர் வாங்கலாமா? ஆரையம்பதியில எங்கட வீட்டு அனுபவம்

வீட்டில வயசு போன ஆக்கள், சீனி வருத்தக்காரர், முட்டு இழுக்கிற ஆக்கள் ஆராவது இருந்தா ரத்தத்தில ஒக்சிசன் எவ்வளவு எண்டு காட்டுற ஒக்சிமீற்றர் ஒண்டு கட்டாயம் வாங்கி வைங்க, குடுக்கிற காசு வீணாப் போகாது. இத முதல்லயே சொல்லிப்போட்டுத்தான் மிச்சத்த எழுதுறன். ஏனெண்டா கன பேர் இத வாங்கி, ஒருக்கா விரல்ல மாட்டி, "98 காட்டுது, ஒண்டுமில்ல" எண்டு அலுமாரிக்குள்ள வைச்சிடுறாங்க, அப்பிடிப் பாவிக்கிறதுக்கு வாங்காமலே இருக்கலாம்.

2021 ஓகஸ்ட் 20 இரவு கொரோனாவால இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டதில இருந்து எங்கட மட்டக்களப்புப் பக்கம் ஒவ்வொரு ஒழுங்கையிலயும் ரெண்டு மூண்டு வீட்டில ஆக்களுக்கு பொசிட்டிவ் வந்தது. டெல்டா எண்ட கொரோனா வகை வந்த பிறகு ஆஸ்பத்திரிகள்ல கட்டில் இல்லாத அளவுக்குப் போயிட்டு, அதால வருத்தம் கடுமையில்லாத ஆக்கள வீட்டிலயே வைச்சுப் பார்க்கச் சொன்னாங்க. எம்ஓஎச் ஒஃபிஸ்ல (சுகாதார வைத்திய அதிகாரிட ஒஃபிஸ்) இருந்து கோல் எடுத்தா காய்ச்சல் இருக்கா எண்டு கேட்ட கையோட அடுத்த கேள்வி "ஒக்சிமீற்றர் இருக்கா, எவ்வளவு காட்டுது?" எண்டுதான் வந்தது. இல்லாட்டி அவங்களும் என்னத்த வைச்சுத்தான் சொல்றது, போன்ல குரலக் கேட்டு ஆள் இளைக்குதா இல்லையா எண்டு ஊகிக்கத்தான் வேணும்.

நான் வாங்கினது காத்தான்குடி மெயின் ரோட்டில இருக்கிற ஒரு பாமசியில. கடையப் பத்தியும் ரெண்டு வார்த்த சொல்லோணும், அந்த நேரம் வாசல்ல குறுக்கால மேசை போட்டு ஒருத்தரையும் உள்ள விடல்ல, துண்டையும் காசையும் ஒரு தட்டில வைச்சா மருந்து அதே தட்டில வந்தது, ஆக்கள் வெளியில காத்துப் படுற இடத்தில தள்ளித் தள்ளி நிண்டாங்க. வேற கடைகள்ல கையில சனிடைசர அடிச்சு, நெத்தியில சூட்டு மெசினப் பிடிச்சுப்போட்டு, மறுகா ஏசி போட்ட பூட்டின அறைக்குள்ள பத்துப் பதினஞ்சு பேர நெருக்கி நிக்க விட்டாங்க. இந்த வருத்தம் மூச்சுக்காத்தால தொத்துற வருத்தம், அதால வாசல்லயே வைச்சு வேலைய முடிச்ச கடைக்குத்தான் நான் போனன்.

கடைக்கார காக்கா (அண்ணன்) ரெண்டு வகைய எடுத்து மேசையில வைச்சார். "தங்கச்சி, இது விலை குறைவு, ஆனா நம்பர் மட்டுந்தான் வரும். மத்ததில நாடி துடிக்கிறது அலை மாதிரி ஓடும் பாருங்க, அந்தக் கோடு ஒரே சீரா ஓடினாத்தான் நம்பர நம்பலாம்" எண்டு சொல்லி ரெண்டையும் ஸ்பிரிட் பஞ்சால துடைச்சு என்ட விரல்லயே மாட்டிக் காட்டினார். கோடு ஓடுறத 4,200 ரூபாக்கு வாங்கினன். ஊரடங்குக்கு முதல் இதே சாமான் விலை குறைவு எண்டு அவரே ஒளிக்காமச் சொன்னவர். பெட்டியில பெரிய பேர் ஒண்டுமில்ல, சீனாவில செஞ்சது, உள்ள கிடக்கிற கடதாசியில இங்கிலிசும் சீன எழுத்தும் மட்டும், தமிழும் இல்ல சிங்களமும் இல்ல. இது எனக்குப் பெரிய குறையாப் பட்டுது. அந்த நேரம் இத வாங்கின கன பேர் இதுக்கு முதல் இத ஆஸ்பத்திரியில மட்டுந்தான் பார்த்திருப்பாங்க, எப்பிடிப் பாவிக்கிற எண்டு நாலு வரி தமிழில போட்டா என்ன?

அந்த நாலு வரிய நானே எழுதுறன். உள்ளுக்குள்ள ரெண்டு லைட் இருக்கு, ஒண்டு சிவப்பு, மத்தது கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட். ஒக்சிசன் ஏறின ரத்தம் இந்த ரெண்டு லைட்டையும் ஒரு விதமா உறிஞ்சும், ஏறாத ரத்தம் வேற விதமா உறிஞ்சும், விரலுக்குள்ளால வந்து மத்தப் பக்கம் விழுற வெளிச்சத்த வைச்சு ரத்தத்தில ஒக்சிசனக் காவுற ஹீமோகுளோபின்ல நூத்துக்கு எத்தன வீதத்தில ஒக்சிசன் ஏறியிருக்கு எண்டு மெசின் கணக்குப் போடுது. ஊசி இல்ல, ரத்தம் எடுக்கிறல்ல, நோவும் இல்ல. இந்த வழியக் கண்டுபிடிச்சவர் ஜப்பான்காரர், டகுவோ அஒயாகி எண்டு பேர், நிஹொன் கோடன் கம்பனியில வேலை செய்தவர், 1974ல. அந்த மனிசன் 2020 ஏப்ரல்ல, உலகம் முழுக்க இந்த மெசினத் தேடி அலைஞ்ச நேரத்தில தான் காலமானவர். அவர நினைச்சு மனசுக்குள்ள நன்றி சொல்லிப்போட்டுத்தான் நான் இப்பவும் சுவிச்ச அமத்துறன்.

திரையில ரெண்டு நம்பர் வரும். எஸ்பிஓ2 எண்டு இருக்கிறது ஒக்சிசன், பிஆர் எண்டு இருக்கிறது நாடித்துடிப்பு. ரெண்டையும் மாறிப் பார்த்துப் பயப்பிடுற ஆக்கள் கனக்க. அதவிடப் பயங்கரம், இத தலைகீழாப் பார்க்கிறது. 98அ தலைகீழாப் பிடிச்சா 86 எண்டு தெரியும், 86அத் தலைகீழாப் பிடிச்சா 98. பக்கத்து வீட்டு மாமி ஒரு நாள் சாமத்தில கோல் எடுத்து "புள்ள, மாமாக்கு 86 காட்டுதுகா, நான் என்ன செய்ற" எண்டு அழுறா. வீடியோ கோல்ல காட்டச் சொல்லிப் பார்த்தா மாமாக்கு முன்னுக்கு நிண்டு எதிர்ப்பக்கத்தால வாசிக்கிறா, மனிசனுக்கு 98. அண்டைக்கு நல்லதா முடிஞ்சுது, ஆனா இதே மாதிரி ஒராள் 86அ 98 எண்டு வாசிச்சுப்போட்டு நிம்மதியாப் படுத்தா என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. எங்கட மெசின்ல பட்டன அமத்தினா எழுத்து திரும்பும், வாங்கின உடன அத வீட்டில எல்லாருக்கும் பழக்கி விடுங்க.

மாட்ட முதல் அஞ்சு நிமிசம் ஆறுதலா இருக்கோணும். கைய நெஞ்சு உயரத்துக்கு வைச்சு ஆட்டாமப் பிடிச்சு, ஒரு நிமிசமாவது விட்டு, நம்பர் ஓரிடத்தில நிண்ட பிறகுதான் எழுதோணும், முதல் வாற நம்பர எழுதக் கூடா. நகத்தில கியூடெக்ஸ் இருந்தா பிழையாக் காட்டலாம், கடும் கறுப்பு மருதோன்றியும் குழப்பலாம், காத்தான்குடிப் பக்கம் கலியாண வீடு முடிஞ்ச பொம்புளப் புள்ளையளுக்கு இது முக்கியம், நிறம் படாத விரல்ல மாட்டுங்க. கை குளிர்ந்திருந்தாலும் சரி வராது. கச்சான் காத்து வீசுற எங்கட வெக்கைக்குள்ள குளிர் எங்க எண்டு கேப்பீங்க, ஆனா கிணத்தில அள்ளி முழுகிட்டு வந்த உடன அப்பாட விரல்ல மாட்டினா நம்பர் வராமக் கோடு மட்டும் கிடந்து துள்ளும். கைய உரசி சூடாக்கினா வந்திடும். முத்தத்தில நல்ல வெயிலுக்குள்ள வைச்சுப் பார்த்தாலும் வெளிச்சம் குழப்பும், உள்ளுக்குப் போய்ப் பாருங்க.

இன்னொண்டு, இத கொஞ்சம் நிண்டு வாசிங்க. கறுத்த தோலுக்கு இந்த மெசின் உள்ளதவிடக் கூடவாக் காட்டலாம். அமெரிக்காவில ஆஸ்பத்திரி நோயாளிகள வைச்சுப் பார்த்து 2020 டிசம்பர்ல ஒரு ஆய்வு வந்தது. மெசின் 92க்கும் 96க்கும் இடையில காட்டின நேரம் ரத்தம் எடுத்துப் பார்த்தா, உள்ளுக்குள்ள ஒக்சிசன் 88க்குக் கீழ கிடந்தது கறுப்பின ஆக்கள்ட அளவுகள்ல 11.7 வீதம், வெள்ளைக்காரர்ட அளவுகள்ல 3.6 வீதம். அந்த நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமும் 2021 பெப்ரவரியில இதப் பத்தி எச்சரிச்சது. எங்கட ஆக்கள்லயும் நல்ல கறுத்த தோல்காரர் எத்தின பேர், வயலிலயும் கடலிலயும் வெயில்ல நிண்டு உழைக்கிற சனம். அதால 95 காட்டுது தானே எண்டு நெஞ்ச நிமித்த ஏலாது. சாதாரணமா மெசினே ரெண்டு வீதம் அங்கால இஞ்சால போகும் எண்டு அந்தக் கடதாசியிலயே போட்டிருக்கு. ஒரு தனி நம்பர நம்பாதீங்க, நம்பர் எந்தப் பக்கம் போகுது எண்டு பாருங்க.

அதுக்குத்தான் கொப்பி. சுகமா இருக்கேக்கயே வீட்டில எல்லாருக்கும் ஒருக்கா பார்த்து எழுதி வைங்க. அப்பாக்கு வழமையா 97, அம்மாக்கு 98. அப்பாக்கு அன்டிஜன் டெஸ்ட்ல கொரோனா பொசிட்டிவ் வந்த நேரம் காலையும் பின்னேரமும் பார்த்து நேரத்தோட எழுதினம். முதல்ல காய்ச்சல், உடம்பு நோவு, பனடோல் குடுத்தம், கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தம், அம்மா வேது பிடிக்க வைச்சா. நம்பர் 97, 96 எண்டு நிண்டுது. மறுகா காய்ச்சல் விட்டுட்டு, அப்பா எழும்பி கதிரையில இருந்து பேப்பர் பார்க்கிறார், சோறு தாங்க எண்டு கேக்கிறார், எங்களுக்கெல்லாம் பெரிய சந்தோசம். ஆனா கொப்பியில 95, அடுத்த நாள் 94. கக்கூசுக்குப் போய் வந்த உடன மாட்டிப் பார்த்தா 91. அவரக் கேட்டா "எனக்கு ஒண்டுமில்ல, சும்மா மனிசர வெருட்டாதீங்க" எண்டு சிரிக்கிறார். மூச்சு வாங்கவும் இல்ல, நெஞ்சு நோவும் இல்ல. இந்த வருத்தத்தில சில ஆக்களுக்கு ஒக்சிசன் இறங்குறது உடம்புக்கே தெரியிறல்ல, காய்ச்சல் விட்ட பிறகும் நெஞ்சுக்குள்ள பழுதாகலாம். ஆளப் பார்த்து முடிவெடுத்திருந்தா அண்டைக்கு அப்பா வீட்டில தான் இருந்திருப்பார். கொப்பியப் பார்த்து 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சம், சுவசெரிய அம்புலன்ஸ் வந்துது, கொப்பியயும் குடுத்து விட்டன், வார்ட்ல டொக்டர் அத வாங்கிப் பக்கம் பக்கமாப் பார்த்தவராம். ஒக்சிசன் வைச்சாங்க, ஊசி போட்டாங்க, அப்பா நல்லபடியா வீட்ட வந்துட்டார்.

எப்ப ஆஸ்பத்திரிக்குப் போற எண்டு கேக்கிற ஆக்களுக்கு, 2021ல எங்களுக்குச் சொல்லித் தந்தது இது: 95, அதுக்கு மேல நிண்டா வீட்டில இருந்து பார்க்கலாம், 94 ஆகிட்டா உடன எம்ஓஎச் ஒஃபிசுக்குச் சொல்லோணும், 90 அதுக்குக் கீழ எண்டா ஒருத்தரையும் கேட்டுக்கொண்டு நிக்காம 1990. மூச்சு வாங்குது, நெஞ்சு அமத்துது, ஆள் மாறாட்டமாக் கதைக்குது, உதடு நீலம் பாயுது எண்டா மெசின் 99 காட்டினாலும் போகோணும். நம்பர் நல்லா இருக்கிற ஆக்கள் வீட்டுக்குள்ள ஆறு நிமிசம் மெல்ல நடந்துட்டு மாட்டிப் பார்க்கலாம், மூண்டு நாலு இறங்கினா அதயும் சொல்லுங்க. ஏற்கனவே 94க்குக் கீழ இருக்கிற ஆள நடக்க வைக்கக் கூடா.

சாமான்ட குறைகள். பெட்டரி மூடி லூஸ், ஒருக்கா கீழ விழுந்து மூடி ஒரு பக்கம் பெட்டரி ஒரு பக்கம். சின்னப் புள்ளையள்ட விரல் நிக்கிறல்ல, தங்கச்சிட மகனுக்குப் பார்க்க ஏலாமப் போயிட்டு, புள்ளையளுக்கு வேற அளவு வேணும். உள்ள இருக்கிற ரப்பர்ல ஊத்தை பிடிக்குது, ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் ஸ்பிரிட் பஞ்சால துடைக்கோணும், தண்ணியில கழுவிப்போடாதீங்க. விரல எடுத்தா தானா நிக்கிறது நல்லம்.

போன்ல ஆப் இறக்கி கெமராவில விரல வைச்சா ஒக்சிசன் காட்டும் எண்டு அந்த நேரம் வட்ஸ்அப்ல ஒண்டு சுத்தினது, தயவுசெய்து அத நம்பி இருக்காதீங்க. கன போன்ல அந்த இன்ஃப்ராரெட் லைட்டே இல்ல. அது காட்டுற 98அ நம்பி ஒரு வீட்டில ஆள வைச்சிருந்து கடைசி நேரம் கொண்டு போனது எனக்குத் தெரியும், அந்த வீட்டு ஆக்கள்ட முகத்தப் பார்க்க ஏலாது.

அந்த நேரம் 4,200 ரூபா எல்லாராலயும் ஏலுமா எண்டா ஏலாது. கூலி வேலையும் இருக்கல்ல, கடலுக்குப் போறவங்களும் வீட்டில, பருப்பு சீனி வாங்கவே காசில்லாத நேரம் அது. எங்கட ஒழுங்கையில அப்ப எங்கட மெசின் தான் சுத்தினது. ஒரு லஞ்ச் ஷீட் பைக்குள்ள மெசின், ஸ்பிரிட் போத்தல், பஞ்சு, பேனை, கொப்பி எல்லாத்தையும் போட்டு கேற்றில கொழுவி விட்டம், தேவையான வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்து, துடைச்சு, திருப்பிக் கொழுவி விட்டாங்க, ஆரும் ஆரோடயும் முகம் பார்த்துக் கதைக்கத் தேவை இருக்கல்ல. மூண்டு நாலு வீடு சேர்ந்து காசு போட்டு ஒண்டு வாங்கினாலும் காணும், ஆனா ஒரே நேரம் ரெண்டு வீட்டில வருத்தம் எண்டா கஷ்டம், அதால ஏலுமான ஆக்கள் தனிய வாங்குங்க. இப்பிடியான நேரத்தில கோயில், பள்ளி, விளையாட்டுக் கழகம் எண்டு நிவாரணப் பொதி கட்டுற ஆக்களும் பத்துப் பொதிக்கு ஒரு மெசின் சேர்த்தா பெரிய புண்ணியம்.

வாங்கேக்க கடையிலயே உங்கட விரல்ல மாட்டி, கோடு ஓடுதா, பட்டன அமத்தினா எழுத்து திரும்புதா எண்டு பார்த்து வாங்குங்க, மூடிய ரெண்டு தரம் திறந்து பூட்டிப் பாருங்க. சின்ன ட்ரிபிள் ஏ பெட்டரி ரெண்டு போகும், மேலதிகமா இன்னும் ரெண்டு எடுத்து வைங்க, சாமத்தில பெட்டரி முடிஞ்சா எங்கட பக்கம் திறந்த கடை இல்ல.